பிடியின் கணக்கு

புனே நகரின் பாஷாண் பகுதியில், ஹோமி பாபா சாலையில் இருக்கிறது தேசிய வேதியியல் ஆய்வகம். 1950 ஜனவரி 3 அன்று ஜவாஹர்லால் நேரு அதைத் திறந்துவைத்தார். முதல் இயக்குநராக வந்தவர் ஜேம்ஸ் வில்லியம் மெக்பெயின். கனடாவில் பிறந்தவர். இங்கிலாந்தில் பிரிஸ்டலிலும், பிறகு அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டிலும் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். புனேவுக்கு வரும்போது அறுபத்தைந்து வயதைக் கடந்திருந்தார்.

மெக்பெயினின் ஆய்வு வாழ்க்கை பெரும்பாலும் இரண்டு சாதாரணப் பொருள்களைச் சுற்றியே நடந்தது: ஒன்று கரி, மற்றது சோப்பு. 1909-ல் அவர் வெளியிட்ட கட்டுரை, கரி ஹைட்ரஜனை எப்படி உள்வாங்குகிறது என்பதைப் பற்றியது. கடுங்குளிரில் வைத்த கரியின்மேல் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் இரண்டு வெவ்வேறு காரியங்கள் நடப்பதை அவர் கண்டார். ஒரு பகுதி வாயு சட்டென்று கரியின் பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு பகுதி மணிக்கணக்கில், மெல்ல மெல்ல, உள்ளே ஊடுருவுகிறது. முதலாவதை வேதியியலார் புறப்பரப்புக் கவர்ச்சி என்கிறார்கள். நம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலிலும் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

1926-ல் மெக்பெயினும் அவருடைய உதவியாளர் பக்ரும் ஒரு தராசை வடிவமைத்தார்கள். மெல்லிய குவார்ட்ஸ் இழையால் ஆன சுருள்வில்லின் நுனியில், மூடிய கண்ணாடிக் குழாய்க்குள் கரித்துண்டைத் தொங்கவிடுவார்கள். வாயு ஒட்ட ஒட்டக் கரியின் எடை கூடும், வில் நீளும். எவ்வளவு நீண்டது என்பதை நுண்ணோக்கியால் பார்த்து அளந்தால், எவ்வளவு வாயு ஒட்டியது என்று தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளின் ஒட்டுதலை நிறுத்துப் பார்க்கும் வழி அது.

1953-ல் மெக்பெயின் காலமானார். கார்பன் நானோகுழாய் அறிவியல் உலகின் கவனத்துக்கு வந்தது 1991-ல்தான். ஆனாலும் நானோகுழாயின் பரப்பில் மூலக்கூறுகள் எப்படி ஒட்டுகின்றன என்று இன்று கேட்பவர்கள், அவர் கரியிடமும் சோப்பிடமும் கேட்ட கேள்விகளைத்தான் வேறொரு பொருளிடம் கேட்கிறார்கள்.

பரப்பே உடலாக

ஜப்பானில் த்சுகுபா நகரிலுள்ள என்.இ.சி. நிறுவனத்தின் ஆய்வகத்தில் சுமியோ இஜிமா 1991-ல் மின்னணு நுண்ணோக்கியில் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய கார்பன் குழாய்களைக் கண்டார். 1993-ல் ஒற்றைச் சுவர் கொண்ட குழாயும் கிடைத்தது. ஓர் அணுவின் தடிமனே உள்ள, அறுகோணங்களால் ஆன கார்பன் தாளுக்குக் கிராஃபீன் என்று பெயர். அதைச் சுருட்டி விளிம்புகளை இணைத்தால் நானோகுழாய். விட்டம் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர், அதாவது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. நீளமோ அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு.

ஒரு கரிக்கட்டியில் பெரும்பாலான அணுக்கள் உள்ளே புதைந்திருக்கும். வெளியிலிருந்து வரும் மூலக்கூறைச் சந்திக்கும் வாய்ப்பு பரப்பிலுள்ள அணுக்களுக்குத்தான். ஒற்றைச் சுவர் நானோகுழாயில் புதைந்த அணு என்று ஒன்றுகூட இல்லை. எல்லா அணுவும் பரப்பில் இருக்கிறது. ஒரு கிராம் குழாய்களின் வெளிப்பரப்பை மட்டும் கணக்கிட்டால் சுமார் 1,315 சதுர மீட்டர் வரும். அரை கிரவுண்டு மனையின் அளவல்ல இது, ஏறக்குறைய ஆறு கிரவுண்டு! குழாயின் முனை திறந்திருந்தால் உட்பரப்பும் சேர்ந்து இது இரட்டிப்பாகும். சுவர்களின் எண்ணிக்கை கூடக்கூட, உள் சுவர்கள் மறைந்துபோவதால் கிராமுக்கான பரப்பு வேகமாகக் குறையும்.

பரப்புகளைப் பற்றிய அறிவு பாஷாணுக்கு மெக்பெயினோடு நின்றுவிடவில்லை. 1952-ல் அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் இங்கிள் ஃபிஞ்ச், எலக்ட்ரான் கற்றையைத் திண்மங்களின் பரப்பில் மோதவிட்டு, அது சிதறும் ஒழுங்கிலிருந்து அணுக்களின் அடுக்கமைப்பைப் படித்தவர். எவரெஸ்ட் ஏறும் முயற்சியில் 1922-ல் ஆக்சிஜன் உருளைகளைச் சுமந்து ஏறத்தாழ 8,300 மீட்டர் உயரம்வரை சென்ற மலையேறியும் அவரே. நானோகுழாயின் சுவர் எந்தக் கோணத்தில் சுருண்டிருக்கிறது என்று கண்டறிய இஜிமா கையாண்டதும் எலக்ட்ரான் சிதறலைத்தான்.

எவ்வளவு நேரம் தங்கும்?

குழாயின் சுவரில் ஒரு மூலக்கூறு வந்து அமர்கிறது. அதைப் பிடித்துவைப்பது எது?

ஹைட்ரஜன், மீத்தேன் போன்ற மின்சமநிலை கொண்ட மூலக்கூறுகளுக்கும் கார்பன் சுவருக்கும் இடையே முறையான வேதிப்பிணைப்பு ஏதும் உருவாவதில்லை. ஆனால் எலக்ட்ரான்கள் ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. மூலக்கூறின் ஒரு பக்கம் அவை கணநேரம் கூடினால், எதிரே சுவரிலுள்ள எலக்ட்ரான்கள் அதற்கேற்ப விலகுகின்றன. இந்தக் கணநேர ஏற்றத்தாழ்வுகள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. இதுவே வாண்டர் வால்ஸ் விசையின் ஒரு வகை. மிக அருகே வந்தால் எலக்ட்ரான் மேகங்கள் ஒன்றையொன்று தள்ளிவிடும். ஈர்ப்பும் விலக்கும் சமமாகும் தூரத்தில் மூலக்கூறு நிற்கிறது. தட்டையான கார்பன் வளையங்களுக்கு இந்தத் தூரம் சுமார் 0.34 நானோமீட்டர்.

இந்தப் பிடியின் வலுவை ஒரு மோலுக்கு இத்தனை கிலோஜூல் என்று அளப்பார்கள். அதற்கு எதிராக நிற்பது வெப்பம். அறை வெப்பநிலையில் வெப்பத்தின் உதறல் மோலுக்கு ஏறக்குறைய 2.5 கிலோஜூல். இரண்டையும் வகுத்தால் கிடைக்கும் எண்தான் மூலக்கூறின் விதியை முடிவுசெய்கிறது. ரஷ்ய இயற்பியலாளர் யாகோவ் ஃப்ரெங்கெல் தந்த எளிய சூத்திரத்தின்படி, பரப்பில் மூலக்கூறு தங்கும் நேரம் இந்த விகிதத்தைப் பொறுத்து அடுக்குக்குறி முறையில் உயர்கிறது. அதாவது பிடி இரண்டு மடங்கானால் தங்கும் நேரம் இரண்டு மடங்காவதில்லை, கோடிக்கணக்கான மடங்காகக்கூட எகிறும்.

அறை வெப்பநிலைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பிடி 5 கிலோஜூல் என்றால், மூலக்கூறு ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குகூடத் தங்காது. 50 கிலோஜூல் என்றால் வினாடியின் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. 100 கிலோஜூல் என்றால் ஆறு மணி நேரத்துக்கும் மேல். 150 என்றால் லட்சக்கணக்கான ஆண்டுகள். கார்பனும் கார்பனும் ஒற்றைப் பிணைப்பால் இணையும்போது பிணைப்பின் வலு 350 கிலோஜூலை ஒட்டி இருக்கும். அதற்கு இந்தச் சூத்திரம் தரும் நேரத்தின் முன்னால் பிரபஞ்சத்தின் வயது ஒன்றுமே இல்லை.

எண்கள் தோராயமானவை. எனினும் அவை காட்டும் பாடம் உறுதியானது. ஐந்துக்கும் நூற்றைம்பதுக்கும் இடையே ஒரு மூலக்கூறு விருந்தாளியாகவும் இருக்கலாம், நிரந்தரக் குடியாகவும் ஆகலாம். நானோகுழாயை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பொறுத்து, இந்த அளவுகோலில் எந்த இடம் வேண்டும் என்பது மாறும். பிடி அதிகமாக இருப்பதே நல்லது என்று நினைத்தவர்களும், குறைந்த பிடியே போதும் என்று நம்பியவர்களும் இந்தத் துறையில் சறுக்கியிருக்கிறார்கள்.

பலவீனமான பிடியைக் கணினியில் கணக்கிடுவதும் எளிதாக இருக்கவில்லை. மூலக்கூறுகளுக்கான குவாண்டம் கணக்கீட்டில் பரவலாகப் பயன்படும் அடர்த்திச் சார்பு முறையின் பழைய வடிவங்களில் ஒன்று இந்தப் பிடியை மிகைப்படுத்தியது. இன்னொன்று பிடியே இல்லாததுபோல் காட்டியது. எலக்ட்ரான்களின் கணநேர ஏற்றத்தாழ்வை இரண்டுமே முறையாகக் கணக்கில் எடுக்கவில்லை. 2000-க்குப் பின் வந்த திருத்தங்கள்தான் கணக்கையும் சோதனையையும் அருகே கொண்டுவந்தன. இத்தகைய கணக்குகளுக்கு இன்று மீக்கணினிகள் தேவை. அவற்றை இந்தியாவில் உருவாக்கும் வேலையும் புனேயில்தான் தொடங்கியது. சி-டாக் மையம் பரம் 8000 கணினியை வெளியிட்டது 1991-ல், அதாவது இஜிமா குழாயைக் கண்ட அதே ஆண்டில்.

ஹைட்ரஜன் பட்ட பாடு

1997-ல் அமெரிக்காவில் டில்லன், ஹெபன் ஆகியோரின் குழு ஒரு முடிவை அறிவித்தது: ஒற்றைச் சுவர் நானோகுழாய்கள், தம் எடையில் 5 முதல் 10 சதவீதம்வரை ஹைட்ரஜனைப் பிடித்துவைக்கக்கூடும். உலகம் பரபரத்தது. ஹைட்ரஜனை எரிபொருளாகக் கொண்ட கார்களுக்கு அமெரிக்க எரிசக்தித் துறை அப்போது வைத்திருந்த இலக்கு 6.5 சதவீதம். ஆனால் டில்லன் குழு சோதித்த புகைக்கரியில் நானோகுழாய்களின் பங்கு ஒரு சதவீதத்தைவிட மிகக் குறைவு. அந்தச் சிறு பங்கிலிருந்து கணக்கை நீட்டித்தான் பெரிய எண்ணை எட்டியிருந்தார்கள்.

அடுத்தடுத்து எண்கள் ஏறின. 1998-ல் கார்பன் நானோஇழைகளுக்கு அறுபது சதவீதத்துக்கும் மேல் என்று ஒரு குழு சொன்னது. 1999-ல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள், லித்தியம் சேர்த்த நானோகுழாய்களுக்கு 20 சதவீதம் என்றார்கள். மறுஆண்டே மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் யாங் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்துபார்த்தார். எடை கூடியதன் பெரும்பகுதிக்குக் காரணம் வாயுவில் கலந்திருந்த ஈரம்! லித்தியம் நீராவியைப் பிடித்துக்கொண்டிருந்தது. மற்ற பெரிய எண்களையும் எவராலும் திரும்பக் காட்ட முடியவில்லை. அறை வெப்பநிலையில் தூய நானோகுழாய்கள் பிடிக்கும் ஹைட்ரஜன் ஒரு சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது என்பதே பின்னர் நிலைத்த முடிவு.

மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் இதில் வியப்பில்லை. கார்பன் பரப்பில் ஹைட்ரஜன் மூலக்கூறின் பிடி 5 கிலோஜூல் அளவுதான். அதில் இரண்டே எலக்ட்ரான்கள். கணநேர ஏற்றத்தாழ்வுக்கு அவை போதா. அறை வெப்பநிலையில் வந்த வேகத்தில் அது போய்விடும். திரவ நைட்ரஜனின் வெப்பநிலையான மைனஸ் 196 டிகிரிக்குக் குளிர்வித்தால் தங்கும் நேரம் முந்நூறு மடங்குக்கு மேல் கூடுகிறது. 1909-ல் மெக்பெயின் கடுங்குளிரில் வேலைசெய்ததன் தேவையும் இதுவே.

குளிர்விக்காமல் அதே பலனைப் பெறுவதற்கு எவ்வளவு பிடி வேண்டும்? 2006-ல் பாட்டியாவும் மையர்ஸும் அறை வெப்பநிலையில் ஹைட்ரஜனை ஏற்றி இறக்குவதற்கு உகந்த பிடி 15 கிலோஜூல் அளவு என்று கணக்கிட்டார்கள். அதைவிடக் குறைந்தால் ஏறாது. மிகவும் கூடினால் ஏறியது இறங்காது. வண்டியின் எஞ்சினுக்குப் போகவேண்டிய வாயு தொட்டியிலேயே கிடக்கும்.

வேதிப்பிணைப்பும் இல்லாத, வெறும் ஒட்டுதலுமல்லாத இந்த 15-ஐ நானோகுழாயின் வெறுஞ்சுவர் தருவதில்லை. ஆகவே வண்டிகள் வேறு வழியில் போயின. 2020 அக்டோபரில் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் கேபிஐடி நிறுவனத்தோடு சேர்ந்து ஓட்டிப்பார்த்த எரிபொருள் கலக் காருக்குத் திட்டமிட்டது, 350 பார் அழுத்தத்தில் 1.75 கிலோ ஹைட்ரஜன் கொள்ளும் உருளை. 2022 ஆகஸ்ட் 21 அன்று அதே கூட்டணியின் ஹைட்ரஜன் பேருந்து புனேயில் அறிமுகமானது. வாயுவைப் பரப்பில் ஒட்டவைக்க முடியாதபோது உருளைக்குள் திணிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் திணிப்புக்கே கணிசமான ஆற்றல் செலவாகிறது.

சோப்பும் சாயமும்

நானோகுழாயோடு வேலைசெய்பவர்களின் முதல் தொல்லை, குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்குப் பலவீனமாக இருக்கும் அதே விசை, இரண்டு குழாய்கள் அருகருகே நீளவாக்கில் படுக்கும்போது நானோமீட்டர் தோறும் கூடிக்கொண்டே போகிறது. ஒரு மைக்ரோமீட்டர் நீளத்துக்கு ஒட்டினால் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றல் சுமார் 500 எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பநிலையின் உதறலைப்போல இது இருபதாயிரம் மடங்கு. தண்ணீரில் போட்டால் குழாய்கள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து அடியில் தங்கிவிடும்.

இங்கேதான் மெக்பெயினின் இரண்டாவது பொருள் வருகிறது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரை விரும்பும், மறுமுனை நீரை ஒதுக்கும். தண்ணீரில் இவை தனித்தனியாக அலையாமல், நீரை ஒதுக்கும் வால்களை உள்ளே வைத்துத் திரள்களாகக் கூடுகின்றன என்று மெக்பெயின் 1913-ல் லண்டனில் சொன்னபோது, கூட்டத்தில் இருந்த மூத்த அறிஞர் ஒருவர் அதை அபத்தம் என்று ஒதுக்கியதாக வேதியியல் வரலாற்றில் ஒரு கதை உண்டு. இன்று மிசெல் எனப்படும் அந்தத் திரள்கள் இல்லாமல் சோப்பின் வேலையை விளக்கவே முடியாது.

2002-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்மாலி, வைஸ்மன் ஆகியோரின் குழு, நானோகுழாய்க் கட்டுகளைச் சோப்பு வகை வேதிப்பொருள் கலந்த நீரில் போட்டு மீயொலியால் அதிரவிட்டது. அதிர்வில் குழாய்கள் கணநேரம் பிரிய, அந்த இடைவெளியில் சோப்பு மூலக்கூறுகள் நுழைந்து, வால்கள் சுவரில் படிய, தலைகள் நீரைப் பார்க்கச் சுற்றி அமர்ந்துகொண்டன. அதிவேகச் சுழற்சியில் கட்டுகளை வடித்தபின் எஞ்சிய தனிக்குழாய்கள் அகச்சிவப்பு ஒளியை உமிழ்ந்தன. கட்டாக இருந்தவரை, பக்கத்திலிருந்த உலோகத்தன்மைக் குழாய்கள் அந்த ஒளியை விழுங்கிக்கொண்டிருந்தன.

சோப்பு ஒரு தளர்ந்த போர்வை. நீரை மாற்றினால் கழன்றுவிடும். இன்னும் உறுதியாகப் பற்றவேண்டுமானால் வளைய மூலக்கூறுகள் தேவை. புனே ஆய்வகத்தின் மூன்றாவது இயக்குநர், முதல் இந்திய இயக்குநர், சென்னையில் பிறந்த கே. வெங்கட்ராமன். 1957-ல் பொறுப்பேற்ற அவருடைய துறை சாயங்கள். செயற்கைச் சாயங்களின் வேதியியல் குறித்து அவர் எழுதிய நூல்தொகுதி உலகெங்கும் பயன்பட்டது. சாய மூலக்கூறுகள் பலவற்றில் பென்சீன் வளையங்கள் ஒட்டிப் பிறந்தவைபோல் தட்டையாக இணைந்திருக்கும். வளையத்தின் மேலும் கீழும் எலக்ட்ரான் மேகம் பரவியிருக்கும். நானோகுழாயின் சுவரும் அதே வளையங்களால் ஆனது. ஆகவே தட்டையான மூலக்கூறு சுவரின்மேல் படுத்து, அணுவுக்கு அணு ஒட்டுகிறது.

கிராஃபைட் பரப்பில் பென்சீனின் பிடி ஏறத்தாழ 50 கிலோஜூல். வளையங்கள் கூடினால் பிடியும் அதற்கேற்பக் கூடும். நான்கு வளையங்கள் கொண்ட பைரீனுக்கு அது நூறைத் தொடுகிறது. வினாடியின் சிறு துளியிலிருந்து மணிக்கணக்குக்குத் தாவும் எல்லை அது. 2001-ல் ஸ்டான்ஃபோர்டில் ஹோங்ஜியே டாய் குழு, ஒரு பக்கம் பைரீனும் மறுபக்கம் புரதத்தைப் பற்றும் கொக்கியும் கொண்ட மூலக்கூறைப் பயன்படுத்தி, குழாயின் சுவரைச் சேதப்படுத்தாமலே புரதங்களை அதில் பொருத்தியது. 2003-ல் டூபாண்ட் நிறுவனத்தின் மிங் ஜெங், டி.என்.ஏ. இழையும் இதே வேலையைச் செய்வதைக் காட்டினார். டி.என்.ஏ.வின் வளையங்கள் சுவரில் படிய, மின்னேற்றமுள்ள முதுகெலும்பு நீரின் பக்கம் திரும்ப, இழை குழாயைச் சுற்றிக்கொள்கிறது.

புற்றுநோய் மருந்தான டாக்சோரூபிசினும் வளைய மூலக்கூறுதான். டாய் குழு 2007-ல் அதை நானோகுழாயில் ஏற்றியபோது, இரத்தத்தின் காரத்தன்மையில் அது ஒட்டியே இருந்தது. அமிலச் சூழலில் கழன்றது. புற்றுக்கட்டிகளின் சூழலும் செல்லுக்குள் பொருள் போய்ச்சேரும் பைகளும் அமிலத்தன்மை கொண்டவை. குழாயின் விட்டத்தைக் குறைத்தால் பிடி தளர்ந்தது. வளைந்த சுவரில் தட்டையான மூலக்கூறு முழுமையாகப் படிய முடியாது என்பதே காரணம். குழாயின் பருமனைத் தேர்ந்தெடுத்தே பிடியை முறுக்கலாம், தளர்த்தலாம். ஆனால் மருந்தோடு இரத்தத்தில் நுழையும் குழாயில் இரத்தப் புரதங்களும் வந்து படிகின்றன. உடல் அந்தக் குழாயை எப்படி நடத்தும் என்பதை அந்தப் புரத மேலாடை பெரிதும் தீர்மானிக்கிறது.

மோப்பம் பிடிக்கும் குழாய்

ஒட்டும் மூலக்கூறு சுவரிலிருந்து எலக்ட்ரானைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டாலோ, கொடுத்தாலோ குழாயின் மின்கடத்துத்திறன் மாறும். எல்லா அணுவும் பரப்பில் இருப்பதால் மாற்றம் பெரிதாகவே தெரியும். 2000-ல் டாய் குழு ஒற்றைக் குறைகடத்திக் குழாயை மின்சுற்றில் வைத்து, நைட்ரஜன் டைஆக்சைடு வாயுவைப் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு அளவில் காட்டியது. அந்த வாயு எலக்ட்ரானை இழுக்கும் இயல்புடையது. கடத்துத்திறன் ஆயிரம் மடங்கு உயர்ந்தது. எலக்ட்ரானைக் கொடுக்கும் அம்மோனியாவைக் காட்டியபோது நூறு மடங்கு குறைந்தது. அதே ஆண்டில் கலிஃபோர்னியாவில் செட்டல் குழு, காற்றிலுள்ள ஆக்சிஜனே குழாயின் மின் இயல்பை மாற்றிவிடுவதைக் காட்டியது. அதுவரை வெளியான அளவீடுகள் பலவும் தூய குழாயைப் பற்றியவையல்ல, காற்று படிந்த குழாயைப் பற்றியவை என்ற எச்சரிக்கை அதில் இருந்தது.

உணரிக்குத் தேவையான பிடி ஸ்டிக்கர் பொட்டின் பிடியைப் போன்றது: பகலெல்லாம் விழாமல் இருக்கவேண்டும், இரவில் எடுக்கும்போது தோலைப் பிடுங்கக் கூடாது. டாய் குழுவின் உணரி நைட்ரஜன் டைஆக்சைடை நொடிகளிலேயே கண்டுகொண்டது. ஆனால் வாயு விலகி, குழாய் பழைய நிலைக்குத் திரும்ப அறை வெப்பநிலையில் பன்னிரண்டு மணி நேரம் ஆனது. 200 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒரு மணி நேரம். அதன்பின் வந்தவர்கள் புறஊதா ஒளி பாய்ச்சியும் மூலக்கூறுகளை விரட்டினார்கள்.

இன்னொரு சிக்கல், யார் வந்தார்கள் என்பதைக் குழாயால் சொல்ல முடியாது. எலக்ட்ரானைக் கொடுக்கும் எல்லா வாயுவும் அதற்கு ஒன்றே. மழைக்காலத்து ஈரமும் சுவரில் வந்து உட்காரும். பல சமயம் மாற்றம் சுவரில் நடக்கிறதா, குழாயும் உலோகக் கம்பியும் சந்திக்கும் முனையில் நடக்கிறதா என்பதே விவாதத்துக்குரியது. அதனால் உணரி செய்பவர்கள், குறிப்பிட்ட வாயுவை மட்டும் அடையாளம் காணும் மூலக்கூறுகளையோ உலோகத் துகள்களையோ முதலில் சுவரில் பொருத்திவிடுகிறார்கள்.

நிரந்தரமாகப் பற்றவைத்தால்

அளவுகோலின் கடைசி முனையில் இருப்பது சகப்பிணைப்பு. அடர் நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்து நானோகுழாயைச் சூடாக்கினால், குழாயின் மூடிய முனைகளும் சுவரிலுள்ள குறைபாடுகளும் முதலில் அரிக்கப்படும். அந்த இடங்களில் அமிலத் தொகுதிகள் முளைக்கும். சுவரில் மூன்று அண்டை அணுக்களோடு தட்டையாக இணைந்திருந்த கார்பன், நான்காவதாக ஒன்றைப் பற்றிக்கொண்டு மேடாகும். பற்றியது இனி உதிராது. ஆனால் அந்த அணுவில் எலக்ட்ரானின் ஓட்டம் தடைப்படும். இப்படிப் பல இடங்களில் பற்றவைத்த குழாய் நல்ல மின்கடத்தியாக இருக்காது.

2003-ல் ஸ்ட்ரானோவும் சக ஆய்வாளர்களும் இந்தக் குறையையே கருவியாக்கினார்கள். டயசோனியம் உப்பை அளவாகச் சேர்த்தால், எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகத்தன்மைக் குழாய்களே முதலில் வினைபுரிகின்றன. குறைகடத்திக் குழாய்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. கலந்து பிறக்கும் இரு வகைகளையும் பிரிக்க அது ஒரு வழியானது.

புனேயில் இந்தப் பக்கத்தை விரிவாக ஆராய்ந்தவர் தேசிய வேதியியல் ஆய்வகத்தின் விஜயமோகனன் பிள்ளை. அவரும் கண்ணன், பால்சந்திர காகடே ஆகியோரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகளை நானோகுழாய்ச் சுவரில் பிணைத்து, எரிபொருள் கலத்தில் புரோட்டான்களைக் கடத்தும் நாஃபியான் சவ்வில் கலந்தார்கள். சவ்வின் கடத்தல் மேம்பட்டது. இங்கே ஒட்டிய தொகுதி கழன்றால் எல்லாம் வீண். ஈரத்திலும் சூட்டிலும் ஆயிரக்கணக்கான மணி நேரம் இருக்கவேண்டிய இடத்தில் சகப்பிணைப்பைத் தவிர வேறு வழியில்லை. அதே ஆண்டில் காகடே, பிள்ளை குழுவின் இன்னொரு வேலை, நானோகுழாய்களால் ஆன தாளைப் பற்றியது. நீர்த்துளியை உருட்டித் தள்ளிக்கொண்டிருந்த தாள், மின்புலம் கொடுத்ததும் நீரைப் பரவவிடும் தாளாக மாறியது. பரப்புக்கும் நீருக்கும் இடையிலான பிடியை மின்சாரத்தால் கூட்டிக் குறைக்கலாம் என்று அது காட்டியது.

2011-ல் இதே ஆய்வகம் ஆக்சிஜனின் பிடியை இறுதிவரை கொண்டுபோனது. மின்வேதி முறையில் ஆக்சிஜனைச் சுவரின் கார்பன் பிணைப்புகளில் புகுத்தியபோது, ஓரிடத்தில் விட்ட விரிசல் அடுத்த பிணைப்பை இழுத்து, குழாய் நீளவாக்கில் பிளந்தது. பிறகு எதிர் மின்னழுத்தத்தில் ஆக்சிஜனை நீக்க, தட்டையான கிராஃபீன் நாடாக்கள் கிடைத்தன. பிள்ளை பின்னர் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தின் இயக்குநரானார்.

உட்சுவரும் வெளிச்சுவரும்

வளைவு இந்த எல்லாக் கணக்குகளிலும் இரட்டை வேடம் போடுகிறது. பலவீனமான பிடிக்கு உட்புறமே உகந்த இடம். குழாய்க்குள் நுழைந்த மூலக்கூறைச் சுவர் எல்லாப் பக்கமும் சூழ்ந்திருப்பதால், வெளியில் கிடைப்பதைவிட அதிக அணுக்கள் அதை ஈர்க்கின்றன. கட்டாக உள்ள இரண்டு குழாய்களுக்கு இடையிலான பள்ளமும் இப்படித்தான். சகப்பிணைப்புக்கோ நேர்மாறு. வெளிப்பக்கம் குவிந்திருப்பதால் ஒவ்வொரு கார்பனும் ஏற்கெனவே கொஞ்சம் வெளியே பிதுங்கி நிற்கிறது. நான்காவது கூட்டாளியை ஏற்பது அதற்கு எளிது. மெல்லிய குழாய் என்றால் பிதுக்கமும் அதிகம், வினைத்திறனும் அதிகம். முனையின் மூடியில் வளைவு இரு திசையிலும் இருப்பதால் அங்கே இன்னும் அதிகம். உட்புறச் சுவர் வேதிவினைக்குப் பெரும்பாலும் மசிவதில்லை.

உள்ளே எது போகும் என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. கேரளத்தில் பிறந்த புலிக்கல் அஜயனும் இஜிமாவும் 1993-ல் உருகிய ஈயச் சேர்மம் குழாய்க்குள் தானாக ஏறுவதைக் கண்டார்கள். பரப்பு இழுவிசை குறைந்த திரவங்களே சுவரை நனைத்து உள்ளே ஏறும். நீர் ஏறும். பாதரசம் ஏறாது. இதை நடைமுறைக்குக் கொண்டுவந்த வேலையும் பாஷாணில் நடந்தது. ஸ்ரீகுமார் குருங்கோட் குழு, உட்குழிவான கார்பன் நானோஇழையின் உட்சுவர், வெளிச்சுவர் இரண்டிலும் பிளாட்டினத் துகள்களைப் பதித்து எரிபொருள் கலத்துக்கான வினையூக்கியாக்கியது. பிளாட்டினம் விலையுயர்ந்தது. இரு சுவர்களும் பயன்பட்டால், ஒரே எடைக் கார்பனில் துகள்களைப் பிரித்து நட இடம் கிடைக்கும். துகள்களுக்குச் சுவரில் பிடி போதாவிட்டால் அவை நகர்ந்து ஒன்றுசேர்ந்து பெருத்துவிடும். பரப்பு குறைந்து, வினையூக்கியும் சோர்ந்துவிடும்.

இத்தனையும் சேர்த்துப் பார்க்கும்போது இத்துறையின் இன்றைய நிலை தெளிவாகிறது. அளவுகோலின் இரு முனைகளிலும் நமக்குத் தேர்ச்சி வந்துவிட்டது. ஐந்து கிலோஜூலில் தொட்டுவிட்டுப் போகும் வாயுவையும், முந்நூறைத் தாண்டிப் பற்றவைக்கும் தொகுதியையும் விரும்பியபடி கையாளுகிறோம். வளையங்களின் எண்ணிக்கையை மாற்றி ஐம்பதிலிருந்து நூற்றைம்பதுவரை ஏறவும் கற்றிருக்கிறோம். எஞ்சி நிற்பது பத்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட குறுகிய பட்டை. ஹைட்ரஜன் அறை வெப்பநிலையில் ஏறி இறங்கவேண்டிய இடம் அது. சுவரில் போரான் கலப்பது, உலோக அணுக்களைத் தனித்தனியாக நடுவது, குழாய்களுக்கிடையே இடைவெளியைச் சரியான அளவில் நிறுத்துவது என்று முயற்சிகள் நடந்துகொண்டிருக்கின்றன. நட்ட உலோக அணுக்கள் நகர்ந்து ஒன்றுசேராமல் நிற்குமா என்பதே அவற்றில் பெரும்பாலான முயற்சிகள் முட்டிக்கொள்ளும் சுவர். இனி ஹைட்ரஜன் சேமிப்பில் பெரிய எண் ஒன்று செய்தியாக வரும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும்: எந்த வெப்பநிலையில்? ஒட்டியது ஹைட்ரஜன்தான் என்று எப்படித் தெரியும்?